இரண்டு ஊர், ஒரு ஹைஸ்கூல்

மார்ச் 12

மகள் வரும் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு. இதுவரை எங்கள் ஊர்ப் பள்ளி. இனிமேல் பக்கத்து ஊரும் நாங்களும் சேர்ந்து நடத்தும் ரீஜனல் ஹைஸ்கூல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது சகஜம். லிங்கன்-சட்பரி, கான்கார்ட்-கார்லைல் என்று பள்ளியின் பெயரிலேயே இரண்டு ஊரும் இருக்கும்.

இன்று அறிமுகக் கூட்டம். ஜிம்மில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பெண்வீடு, மாப்பிள்ளைவீடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்கள் மட்டும் என்னவாம், நாங்களும் அப்படித்தான்.

மார்ச் 26

பள்ளி பட்ஜெட் பற்றிய பொதுக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிச் செலவை ஊர்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. எங்களுக்கு முக்கியமான கணக்கு, எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் என்பது. அந்த எண்ணிக்கையை அக்டோபர் 1 பதிவை வைத்து எடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் பிள்ளைகள் குறைந்தால், மொத்தச் செலவு ஒரு டாலர்கூட ஏறாவிட்டாலும் எங்கள் பங்கு ஏறிவிடும். ஆனால் ஊரின் மொத்தச் சொத்து வரியை, புதுக் கட்டடங்களால் வருவது போக, வருஷத்துக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது; 1980-ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம். அதைத் தாண்ட வேண்டுமானால் தனியாக ஓட்டெடுக்க வேண்டும்.

ஏப்ரல் 8

பஸ் பற்றிப் படித்தேன். ரீஜனல் பள்ளிகளின் பஸ் செலவை மாநிலம் முழுதாகத் திருப்பித் தரும் என்கிறது சட்டம். ஒன்றரை மைலுக்குள் வசிக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. அது நியாயம். ஆனால் கூடவே 'நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு' என்று ஒரு வால். முழுதாகத் தருவோம், கையில் இருந்தால்!

மே 4

டவுன் மீட்டிங். ஊர் வாக்காளர்களே கூடி, அட்டையைத் தூக்கி ஓட்டுப் போட்டுப் பட்ஜெட்டை முடிவு செய்யும் கூட்டம். எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். ஓட்டில்லாதவர்களுக்குத் தனியாகக் கயிறு கட்டிய ஓரம். அங்கே உட்கார்ந்து பார்த்தேன். மைக்குக்கு முன்னால் வரிசை. ஒரு தாத்தா பேப்பரைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, "என் பேரப்பிள்ளைகள்கூட இந்த ஊரில் இல்லை, இருந்தாலும் ஆதரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அட்டைகள் உயர்ந்தன, பள்ளி பட்ஜெட் நிறைவேறியது. வரி கட்டுகிற எனக்குத் தூக்க ஓர் அட்டை இல்லாதது உறுத்தத்தான் செய்தது.

மே 12

பக்கத்து ஊரில் பட்ஜெட் தோற்றுவிட்டது. மூன்று, நான்கு ஊர் சேர்ந்த பள்ளி என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஊர்கள் சம்மதித்தால் போதும். இரண்டே ஊர் என்பதால் இரண்டும் சம்மதிக்க வேண்டும். இப்போது பள்ளிக் குழு 30 நாளுக்குள் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். ஜூலை 1-க்குள் முடியாவிட்டால், போன வருஷ பட்ஜெட்டை வைத்து மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று மாநிலமே ஓர் இடைக்கால பட்ஜெட்டை நிர்ணயித்துவிடும். புது ஆசிரியரை எடுப்பதெல்லாம் அப்புறம் எங்கே?

எங்கள் தெருவில் ஒரே புலம்பல், "அவங்க ஊர்க்காரங்களே இப்படித்தான்." அங்கே எங்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ.

ஜூன் 10

குறைத்த பட்ஜெட்டை அந்த ஊர் சிறப்புக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. வெட்டு விழுந்தது சாயங்கால லேட் பஸ்ஸில். மகள் ஆர்கெஸ்ட்ராவில் சேரப் போகிறாள், ஒத்திகை பள்ளி முடிந்த பிறகு. வயலின் வாசிக்கும் இன்னொரு பெண் அந்த ஊர். அவள் அப்பாவிடம் பேசிவிட்டேன். சரி, செவ்வாய் அவர் கார், வியாழன் என் கார்.