மலைநாட்டுத் தண்ணீருக்கு எந்தக் கண்ணாடி?

மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் தண்ணீர் தெரியாது. அதில் விழுந்த வானம்தான் தெரியும். அதே இடத்தில் நல்ல பொலரைஸ்ட் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டால் அந்த வானம் விலகிவிடும். கரையோர மணலில் திலாப்பியா தோண்டி வைத்த சாப்பாட்டுத் தட்டு அளவுக் குழி, அதைச் சுற்றிக் காவல் நிற்கும் ஆண் மீன், பக்கத்தில் தூண்டில் தங்கூசியைச் சிக்கவைக்கக் காத்திருக்கும் மரக்கட்டை எல்லாம் வெளியே வரும். 1960களின் இறுதியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே இந்தத் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்கள் தலைகாட்டுவது ஊரறிந்த விஷயம். மட்டம் பாதி இறங்கிய நாட்களில் சுவர் எங்கே, அடிக்கட்டை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தால் எத்தனையோ தூண்டில் முள்ளும் ஈயமும் மிஞ்சும்.

கறுப்புக் கண்ணாடி எல்லாம் இந்த வேலையைச் செய்யாது. வெறும் கறுப்புக் கண்ணாடி மினுக்கத்தையும் மீனையும் ஒரே அளவில் இருட்டாக்கும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியும் அப்படித்தான், அது வேறு சாமான். தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கிடையாக அதிரும் பங்குதான் அதிகம். உயர்தரப் பௌதிகவியலில் முனைவாக்கம் என்று படிப்பது இதைத்தான். பொலரைஸ்ட் கண்ணாடிக்குள் உள்ள மெல்லிய படலம் நிலைக்குத்தாக அதிரும் வெளிச்சத்தை விட்டு, கிடையாக அதிருவதைப் பிடித்துக்கொள்ளும். மினுக்கம் அதில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு தப்பி நம் கண்ணுக்கு வருகிறது.

இதில் கோணம் முக்கியம். தண்ணீர் மட்டத்துக்கு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் மினுக்கம் முழுதாக வெட்டுப்படும். தண்ணீர் ஓரத்தில் நிற்பவரின் கண் 1.6 மீற்றர் உயரத்தில் இருந்தால், அந்த இடம் அவருக்கு முன்னால் 2 மீற்றரைக் கொஞ்சம் தாண்டி விழும். நாலரை மீற்றர் தூரத்திலும் பரவாயில்லை. 9 மீற்றருக்கு அப்பால் எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் பாதி வேலைதான் செய்யும். அதே ஆள் 2 மீற்றர் உயரமான மேட்டில் ஏறி நின்றால் அந்த நல்ல இடம் 5 மீற்றருக்குப் போய்விடும். ஆகவே கண்ணாடியை மாற்றுவதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். மேட்டில் நின்றால் மீனும் உங்களைப் பார்க்கும், பின்னால் புதரோ மரமோ இருக்கிற மேடாகப் பார்த்து நில்லுங்கள். நேர் கீழே குனிந்து பார்க்கும்போது கண்ணாடி ஒன்றும் செய்யாது. அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

சூரியனும் இதே 37 பாகைக்கு வருகிற நேரம் உண்டு. நம் பக்கத்தில் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் அது காலை 8.40, பிற்பகல் 3.40 வாக்கில். டிசம்பரில் காலை 9.10, பிற்பகல் 3.05 வாக்கில். சூரியன் இருக்கும் பக்கமாகவே பார்த்து நிற்க வேண்டியிருந்தால் கண்ணாடி இல்லாமல் அந்த நேரங்களில் எதுவும் தெரியாது. கண்ணாடியின் முழுப் பலனும் அப்போதுதான் விளங்கும்.

இனிக் கடைக்குப் போவோம். ‘பொலரைஸ்ட்’ என்ற ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஒளிந்திருக்கும் படம் தெரிகிற சின்ன அட்டை ஒன்றைக் கையில் தருவார்கள். படலம் இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும், தரத்தைக் காட்டாது. கடையின் கண்ணாடி மேசையே அதைவிட நல்ல சோதனைக்கூடம். மேசைக்கண்ணாடியில் டியூப் லைட்டின் பிம்பம் விழும் இடத்தைச் சாய்வாகப் பாருங்கள். போட்டுக்கொண்டதும் பிம்பம் மங்கி, மேசைக்குள் அடுக்கியிருக்கும் சாமான் தெளிய வேண்டும். அப்படியே தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் பிம்பம் மெல்லத் திரும்பி வரும். வந்தால் படலம் உண்மை. வாசலில் நனைந்த ரோட்டைப் பார்த்தும் இதைச் செய்யலாம். தகரக் கூரையைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். உலோகத்தில் பட்டு வரும் மினுக்கம் தண்ணீர் மினுக்கம்போல முனைவாகி வராது. நல்ல கண்ணாடியையும் மட்டம் என்று தள்ளிவிடுவீர்கள்.

அடுத்த சோதனையை மிகச் சிலரே செய்கிறார்கள், தலையிடி வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. டிஜிட்டல் கைக்கடிகாரம் அல்லது கல்குலேட்டர் திரையைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு பிரேமை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் திரை கறுத்துப்போகும். இடது வில்லையும் வலது வில்லையும் ஒரே கோணத்தில் கறுக்க வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் படலம் கோணலாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு கண்ணுக்கு மினுக்கம் போய் மற்றக் கண்ணுக்குப் போகாமல் இருந்தால் மூளை இரண்டையும் சேர்க்கப் படாதபாடு படும். அரை நாள் போட்டால் கண் எரியும், நெற்றி வலிக்கும். மலிவுக் கண்ணாடிகளில் இந்தக் குறை அடிக்கடி வரும்.

யூவி, அதாவது புற ஊதாக் கதிர்க் காப்பு தனி விஷயம். பொலரைஸ்ட் என்றால் யூவியும் தடுக்கப்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யூவி 400 என்று இருக்க வேண்டும், அதாவது 400 நனோமீற்றர் வரையான கதிரைத் தடுக்க வேண்டும். கண்ணாடிக் கடைகளில் இதை அளக்கும் சின்ன மெஷின் இருக்கும், கேட்டால் வைத்துக் காட்டுவார்கள். குளிர்கிறது, வெயில் உறைக்கவில்லை என்று மலையில் ஏமாந்துவிடக்கூடாது. ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் யூவி சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும்கூட 1,000 மீற்றருக்கு மேல்தான். காப்பில்லாத கறுப்பு வில்லை வெறுங்கண்ணைவிடக் கேடு, ஏனென்றால் இருட்டில் கண்மணி விரிந்து உள்ளே விடுகிற கதிர் கூடுகிறது.

நிறம் என்று வந்தால் என் தெரிவு கபிலம், அல்லது செம்பு நிறம். சாம்பல் நிறம் கடலுக்கும் கொளுத்தும் வெயிலுக்கும் நல்லது, நிறங்களை உள்ளபடி காட்டும். ஆனால் இங்கே காலையில் வெயில், மதியத்துக்குப் பின் மேகம், மூன்று மணிக்கு மூடுபனி. பச்சை கலந்த தண்ணீரில் கறுத்த முதுகு காட்டும் கார்ப் மீனைக் கபிலம்தான் பிரித்துக் காட்டும். கருமையின் அளவுக்கு 0 முதல் 4 வரை இலக்கம் போட்டிருப்பார்கள். 2 என்பது வெளிச்சத்தில் 18 முதல் 43 சதவீதம் வரை விடும். 3 என்பது 8 முதல் 18 வரை. ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்க முடியும் என்றால் 2ஆம் இலக்கக் கபிலம் வாங்குங்கள். 4ஆம் இலக்கம் வாகனம் ஓட்ட ஆகாது. மூடுபனிக்கென்று வெளிர் மஞ்சளில், கண்ணாடி போட்டதே தெரியாத அளவு வெளிச்சம் விடும் ‘பொலரைஸ்ட்’ விற்கிறார்கள். குறையே இல்லாத படலம்கூடச் சாதாரண வெளிச்சத்தில் பாதியைத்தான் விடும். அதற்கு மேல் விட்டால் மினுக்கத்தையும் சேர்த்தே விடுகிறது என்று அர்த்தம்.

வில்லை செய்த பொருளையும் கேளுங்கள். மலிவானது டிஏசி. படலத்தின் இரு பக்கமும் மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்வது. பார்வை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஓரத்தால் ஈரம் ஏறும், சூட்டில் ஏடு பிரியும். பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக் பாரமில்லாதது, அடிக்கு உடையாது, யூவியைத் தன்னாலேயே தடுக்கும், ஆனால் மேற்பூச்சு போய்விட்டால் சீக்கிரம் கீறும். நிஜக் கண்ணாடி வில்லை லேசில் கீறாது, ஆனால் பாரம், பாறையில் விழுந்தால் அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் தடியை வீசும்போது முள் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்காகவே பொலிகாபனேற் எடுப்பேன்.

பிரேம் கன்னத்தோடு வளைந்து போக வேண்டும். பக்கவாட்டால் நுழையும் வெளிச்சம் வில்லையின் உட்பக்கத்தில் பட்டு உங்கள் கண்ணையே உங்களுக்குக் காட்டும். அதேசமயம் கன்னத்தில் ஒட்டி உட்கார்ந்தால் குளிர்காற்றில் ஆவி படியும். ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளி போதும். விளிம்பின் அடிப்பக்கம் கறுப்பாக உள்ள தொப்பி சேர்ந்தால் பாதிக் குறை தீரும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் கிளிப் வகையோடு மல்லுக்கட்டாமல் பவரோடு பொலரைஸ்ட் வில்லை வெட்டச் சொல்வது நல்லது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஈரமும் மண்ணும் சேர்ந்து இரண்டையும் கீறும்.

கரையில் நின்று பார்க்கும்போது மினுக்கம் முழுதாகப் போகவில்லை என்றால் தலையைக் கொஞ்சம் இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்துப் பாருங்கள். அலை அடிக்கும் தண்ணீரில் மினுக்கம் சரிந்து வரும், ஏதோ ஒரு சாய்வில் சட்டென்று தெளியும். இன்னொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. கண்ணாடி மினுக்கத்தை எடுக்கும், ஒளி முறிவை எடுக்காது. அடிமண் மூன்று அடியில் இருப்பதுபோல் தெரிந்தால் உண்மையில் நாலு அடி. சாய்வாகப் பார்க்கும்போது அதைவிடக் கூட. தக்கையை அதற்கேற்ப ஏற்றிக் கட்டுங்கள், கண்ணை நம்பிக் காலை வைக்காதீர்கள். தெளிவாகத் தெரிகிற தண்ணீர்தான் ஆளை ஏமாற்றும். தடியால் குத்திப் பார்த்தே இறங்க வேண்டும். மழைக்குப் பிறகு தேயிலைச் சரிவு மண் கரைந்து பால் தேநீர் நிறத்தில் வரும் தண்ணீரில் எந்தக் கண்ணாடியும் உள்ளே காட்டாது. கலங்கலும் தெளிவும் சேரும் கோடு மட்டும் துலக்கமாகத் தெரியும். அந்தக் கோட்டோரம் இரையைப் போட அது உதவும்.

பராமரிப்பில் பெரும்பாலான கண்ணாடிகள் துடைப்பில்தான் சாகின்றன. மலைநாட்டுத் தூசியில் மணல் துகள் கலந்திருக்கும், அது பிளாஸ்டிக்கைவிடக் கடினம். காய்ந்த வில்லையைச் சேட் நுனியாலோ சாரத்தாலோ துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். முதலில் பைப் தண்ணீரில் அரை நிமிடம் பிடியுங்கள், சூடு வேண்டாம். தூசி கழுவிப் போன பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி. கையில் மீன் வழுவழுப்போ தைலமோ இருந்தால் கையை முதலில் கழுவிக்கொள்ளுங்கள். விரல் நுனியால் இரு பக்கமும், மூக்குத் தாங்கியின் இடுக்கும் மெல்லத் தடவி அலசுங்கள். உதறிவிட்டு மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அந்தத் துணியையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும், வாசனைத் திரவம் சேர்க்காமல். கரையில் தண்ணீர் வாளி கலங்கலாக இருந்தால் குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணீரில் ஒரு மடக்கு செலவழிக்கலாம்.

ஸ்பிரிட், சனிடைசர், நெயில் பொலிஷ் அகற்றும் திரவம், மண்ணெண்ணெய் எதுவும் கிட்ட வரக்கூடாது. டீட் கலந்த நுளம்பு மருந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பூசிய கையால் வில்லையைப் பிடித்தால் விரல் அடையாளம் அழியாமல் நின்றுவிடும். மருந்தைப் புறங்கையால் பூசிப் பழகுங்கள்.

சூடு அடுத்த எதிரி. வாகனத்தின் டாஷ்போர்டில் வெயிலில் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறு. நம் வீடுகளில் இன்னொன்று நடக்கிறது. மழையில் நனைந்து வந்ததும் தொப்பி, சப்பாத்து எல்லாவற்றையும் விறகடுப்புக்கு மேலே காயப் போடுவோம், கண்ணாடியும் அவற்றோடு போய்விடும். படலமும் ஏடும் ஒரே அளவில் விரிவதில்லை, நடுவில் பசை இளகி குமிழ் எழும்பும். புகைக் கரி வேறு படியும். துவாயில் ஒற்றி, ஜன்னலோரக் காற்றில் விட்டாலே காய்ந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவ மழை விடாது. அந்த மாதங்களில் ஈரக் கண்ணாடியைப் பெட்டியில் போட்டு மூடினால் பெட்டித் துணி பூஞ்சணம் பிடிக்கும், பிணைச்சல் ஆணி துருப்பிடிக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ஆணியை மாதம் ஒருமுறை சின்னத் திருகியால் இறுக்கிப் பாருங்கள், அளவுக்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். கழுத்துக் கயிறு கட்டாயம், அதில் ஒரு தக்கைத் துண்டையும் கோத்துவிடுங்கள். கண்ணாடியோடு வாளித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்கினால் இன்னும் ஒரு துண்டு சேருங்கள்.

மாலை ஐந்தரைக்குப் பிறகு திரும்பி வரும்போது கழற்றிவிடுங்கள். மூடுபனியும் வளைவும் உள்ள ரோட்டில் பாதிக்கு மேல் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது.

வில்லை ஓரத்தில் வெள்ளைக் கீற்றோ, எண்ணெய் மிதப்பதுபோன்ற நிறக் கோலமோ தெரிந்தால் ஏடு பிரியத் தொடங்கிவிட்டது. பசை வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள், பசையின் ஆவி மிச்சத்தையும் வெளிறச் செய்யும். பிரேம் உறுதியாக இருந்தால் அதைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொலரைஸ்ட் வில்லை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றித் தந்ததும் கடையை விட்டு இறங்குவதற்கு முன், அதே கல்குலேட்டர் திரையில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கறுக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.