ரோமன் வருவதற்குள்: விண்மீன் நடுவில் விழும் கறுப்பு ஓட்டையை அடைத்தாயிற்று

கரினா நெபுலாவில் விண்மீன்கள் பிறக்கும் பகுதியான என்ஜிசி 3324-இன் படத்தில் இப்போது கறுப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை. வெப் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவான நிர்காமின் தரவில் வண்ணப்படம் செய்கிறவர்களுக்குப் பழகிப்போன தொல்லைதான் இது. பிரகாசமான விண்மீனின் மையப் பிக்சல்கள் முதல் வாசிப்பிலேயே நிரம்பி வழிந்துவிடும். வாசிப்புக்கு வாசிப்பு ஒளி ஏறும் வேகத்தை, அதாவது சரிவை, அளக்க முடியாததால் மென்பொருள் அந்தப் பிக்சலைத் தள்ளிவிடும். கடைசியில் எல்லா எடுப்புகளையும் சேர்த்த இறுதிப் படமான ஐ2டி கோப்பில் விண்மீனின் நட்டநடுவே ஓட்டை நிற்கும். சில கோப்புகளில் அந்த இடத்தில் 0 இருக்கும், சிலவற்றில் மதிப்பே இருக்காது. எப்படியானாலும் மங்கலானதும் தெரியும்படி பிரகாசத்தை இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்த மறுகணம் கண்ணை உறுத்துவது அதுதான்.

இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி. 2027 மே மாதத்துக்குள் ஏவ வேண்டும் என்பது நாசா வைத்த கெடு, 2026 இலையுதிர்காலத்திலேயே ஏவிவிடலாம் என்பது அவர்கள் சொல்லும் இலக்கு. ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் ஏறி இரண்டாம் லக்ராஞ்சுப் புள்ளிக்குப் போகிறது. கண்ணாடி ஹபிளுடையதைப் போலவே 2.4 மீட்டர். ஆனால் அகலப்புலக் கருவியில் 18 சென்சார்கள், ஒவ்வொன்றிலும் ஓரம் போக 4088 × 4088 பிக்சல்கள். ஒரே சொடுக்கில் 30 கோடிப் பிக்சல், வானத்தில் 0.281 சதுர பாகை. நிர்காமின் புலத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு. இதைவிட மகிழ்ச்சியான செய்தி, ரோமன் தரவுக்குத் தனியுரிமைக் காலம் கிடையாது என்பதுதான். ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும்போதே நமக்கும் கிடைக்கும். அன்றைக்கு உட்கார்ந்து விண்மீன் விண்மீனாகக் கையால் ஓட்டை அடைக்க முடியாது. வேலை தானாக ஓட வேண்டும். அதற்கான ஒத்திகைதான் இது.

பயிற்சிக்கு எடுத்தது வெப்பின் 2731-ஆம் திட்டம். 2022 ஜூலை 12 அன்று வெளியான அதே கரினா விளிம்பு. எஃப்090டபிள்யூ, எஃப்187என், எஃப்200டபிள்யூ, எஃப்335எம், எஃப்444டபிள்யூ, எஃப்470என் என ஆறு ஃபில்டர்கள் (பெயரில் உள்ள எண் அலைநீளத்தைக் குறிக்கும்). முன்புறத்தில் பிரகாசமான விண்மீன்கள் நிறைய, பின்னால் சீரற்ற நெபுலா. இதில் தேறிய முறை வேறெங்கும் தேறும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுற்றியிருக்கும் பிக்சல்களின் இடைநிலை மதிப்பை எடுத்து ஓட்டைக்குள் ஊற்றும் வழியைத்தான் பல செய்முறைகள் இன்னும் சொல்லித்தருகின்றன. அது தவறு. விண்மீனின் ஒளி மையத்தை நோக்கி ஏறிக்கொண்டே போவது. ஓரத்து மதிப்பை வைத்து எப்படி இடைச்செருகினாலும் நடுவில் மொட்டையான சாம்பல் தட்டுதான் வரும். கறுப்புப் பொட்டு சாம்பல் பொட்டாகும், அவ்வளவே. சரியான வழி, அந்த ஃபில்டருக்கான புள்ளிப்பரவல் உருவை, அதாவது ஒற்றைப் புள்ளி ஒளி தொலைநோக்கியில் பரவித் தெரியும் வடிவத்தை எடுத்து, விண்மீனின் நிரம்பாத வெளிப்பகுதியோடு பொருத்தி, அந்த அளவில் மையத்தை ஒட்டுவது. உருவை எஸ்டிபிஎஸ்எஃப் என்ற மென்பொருள் தருகிறது. முன்பு வெப்பிஎஸ்எஃப் என்ற பெயரில் இருந்த அதே கருவிதான், ரோமனையும் சேர்த்துக்கொண்ட பிறகு பெயர் மாறியது.

செய்யும் வரிசை முக்கியம். ஃபில்டர்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு முன்பே அடைக்க வேண்டும். குறுஅலைப் படத்தில் பிக்சல் 0.031 கோண விநாடி, நெடுஅலையில் 0.063. ஒன்றை மற்றதன் கட்டத்துக்கு மாற்றும்போது இடைச்செருகல் நடக்கும். மதிப்பற்ற ஒரு பிக்சல் அக்கம்பக்கத்தையும் கெடுத்து ஓட்டையைப் பெருக்கும். 0 என்று இருந்தால் இன்னும் மோசம், அது உண்மையான இருட்டுபோலக் கலந்து ஓரமெல்லாம் மங்கும்.

அடைக்க வேண்டிய பிக்சல்களைக் குறிக்கும் மாஸ்க்கை எடுக்க, ஐ2டி கோப்பின் எடைத் தளமே போதும்; ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு தரவு சேர்ந்தது என்பதைச் சொல்வது அதுதான். எடை 0 ஆக உள்ள பிக்சல்களைத் தொடர் தொடராக இலக்கமிட்டு, படத்தின் விளிம்பைத் தொடுகிறவற்றை நீக்கிவிட வேண்டும். அவை புலத்துக்கு வெளியே உள்ள வெற்றிடம். மிஞ்சியதை 3 பிக்சல் விரிக்க வேண்டும். விரிக்காமல் விட்டால் பொருத்தமே தப்பும். நிரம்பும் தறுவாயில் உள்ள பிக்சல் தன்னிடம் சேரும் மின்னூட்டத்தைப் பக்கத்துப் பிக்சலுக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் ஓட்டையை ஒட்டிய வளையம் இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாக ஒளிர்கிறது. அந்த வளையத்தை நம்பி அளவு எடுத்தால் மையம் ஊதிப்போகும்.

இனி வருவதுதான் கழுத்தறுக்கும் இடம்: விண்மீனின் மையம் எங்கே? மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய பிக்சல்கள்தான் இல்லாமல் போய்விட்டன. ஓட்டையின் வடிவ மையத்தை எடுத்துக்கொண்டால் அரைப் பிக்சல் வரை தவறும், ஏனெனில் நிரம்பும் பகுதி சமச்சீராக இருப்பதில்லை. கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் உள்ள இருப்பிடத்தை எடுத்து, பட்டியலின் அடிப்படைக் காலமான 2016.0-லிருந்து படமெடுத்த நாள் வரை சொந்த இயக்கத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அதில் கிடைப்பவை அருமையாகப் பொருந்துகின்றன. ஆனால் தூசிக்குள் புதைந்து அகச்சிவப்பில் மட்டும் கொழுந்துவிடும் விண்மீன்கள் கையாவில் இல்லை, இங்கே பாதிச் சிக்கல் அவைதான்.

நிலையாக நின்ற முறை இது. ஓட்டையின் ஆரம் ‘ஆர்’ என்றால், ஆர் + 4 முதல் ஆர் + 20 பிக்சல் வரையிலான வளையத்தை மட்டும் எடுக்க வேண்டும். 4 மடங்கு நுண்மாதிரி எடுத்த, அதாவது ஒரு பிக்சலை 4 × 4 ஆகப் பிரித்துக் கணித்த உருவை நகர்த்திப் பொருத்த வேண்டும். மையத்தின் இரு ஆயங்கள், அளவு, பின்னணி, பின்னணியின் இரண்டு சரிவுகள் என மொத்தம் ஆறு மாறிகள். சரிவுகளைச் சேர்க்காவிட்டால் நெபுலாவின் ஓரத்தில் நிற்கும் விண்மீன்களெல்லாம் பிரகாசமான பக்கம் இழுபடும். தொடக்கமாக ஓட்டையின் மையத்தைக் கொடுத்து, அதிலிருந்து 2 பிக்சலுக்கு மேல் விலகாதபடி கட்டிப்போட வேண்டும். பைத்தான் நூலகமான சைபையின் மீச்சிறு வர்க்கப் பொருத்தத்தில் சாதாரண இழப்புச் சார்பை விட்டுவிட்டு பெரிய விலகல்களுக்குக் குறைவான எடை தரும் மென்மையான எல்1 எடுத்தால் பக்கத்து விண்மீன்கள் பொருத்தத்தைக் கெடுப்பதில்லை.

பொருந்தியதா என்று பார்க்க, மாதிரியை வளையத்திலிருந்து கழித்து மிச்சத்தைப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் இருட்டு என்று வந்தால் மையம் தவறு. வளையம் முழுக்க ஒரே சீராக இருட்டினால் அளவு கூடிவிட்டது. விண்மீனிலிருந்து நீளும் ஒளி முட்கள் மட்டும் இரட்டையாகத் தெரிந்தால் சுழற்சி பிசகியிருக்கிறது. வடக்கை மேலே திருப்பி மறுபடி உருவாக்கிய கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். அவற்றுக்கு உருவையும் தலைப்பில் உள்ள கோணத்துக்குச் சுழற்றிக்கொள்ள வேண்டும்.

ஒட்டும்போது ஓரத்தில் 2 பிக்சலுக்கு நேர்கோட்டில் கலந்துவிட்டால் தையல் தெரியாது. அதன் பிறகே கட்ட மாற்றம். அதில் லான்சோஸ் என்ற இடைச்செருகல் முறை வேண்டாம். இவ்வளவு கூரான மையத்தைச் சுற்றி அது இருண்ட வளையம் போட்டுவிடும், அடைத்த வேலையெல்லாம் வீண். 16 பிட்டுக்கு மாற்றுவதும் ஸ்ட்ரெட்சுக்குப் பிறகுதான். அடைத்த மையம் பின்னணியைவிடப் பல ஆயிரம் மடங்கு ஏறி நிற்கும்.

அடைத்த பிக்சல்கள் அளவீடு அல்ல, படத்துக்காக மட்டும். எனவே மாஸ்க்கை அதே கோப்பில் தனித் தளமாகச் சேமித்து வைப்பது நல்ல பழக்கம். பின்னால் யாராவது அதில் ஒளியளவு எடுக்கக் கூடாது.

தரவிறக்கம் பற்றியும் சொல்லிவிடலாம். வெப் தரவு கிடைக்கும் மாஸ்ட் காப்பகத்தில் ஒரு திட்டத்தை அப்படியே தேர்ந்தெடுத்தால் முன்னோட்டப் படங்கள், வழிகாட்டி விண்மீன் கோப்புகள், இடைநிலைக் கோப்புகள் எல்லாம் மூட்டையாக வந்து வட்டை அடைக்கும். மூன்றாம் நிலை, ஐ2டி என்று வடிகட்டி ஆஸ்ட்ரோகுவெரி என்ற பைத்தான் கருவி வழியாக எடுத்தால் தேவையானது மட்டும் வரும், பாதியில் அறுந்தாலும் தொடரலாம். முன்னோட்டப் படத்தை வைத்துத் தரவின் தரத்தை முடிவு செய்யவே கூடாது. அதன் ஸ்ட்ரெட்ச் மங்கலானதையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

மையம் அடைந்த பிறகும் மிஞ்சுவது வண்ண வளையம். எஃப்444டபிள்யூ உருவு எஃப்200டபிள்யூ உருவைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலம். மூன்று வண்ணங்களுக்கான படங்களையும் சேர்த்ததும் ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி ஒரு சிவப்பு ஒளிவட்டம் வருகிறது. குறுஅலைப் படத்தை மங்கலாக்கிச் சமப்படுத்தலாம், ஆனால் வெப் எடுத்த கூர்மையைக் கையாலேயே அழிப்பதாகும். அதைவிட நல்ல வழி பொருத்தத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஃபில்டரிலும் கிடைத்த அளவு எண்களின் விகிதம்தான் அந்த விண்மீனின் நிறம். மாஸ்க்கை 4 பிக்சல் காசியனால் மென்மையாக்கி, அதற்குள் மட்டும் பிரகாசத்தை எஃப்200டபிள்யூவிலிருந்தும் நிறத்தை இந்த விகிதத்திலிருந்தும் எடுத்தால் நீல விண்மீன் நீலமாகவும் செம்மீன் சிவப்பாகவும் நிற்கிறது. நெபுலாவின் விளிம்புக்குள் புதைந்த சில விண்மீன்களில் மட்டும் வளையம் இன்னும் போகவில்லை. அங்கே பின்னணியே வளைந்திருக்கிறது, இரண்டு சரிவு போதவில்லை.

ரோமனில் இது எப்படி மாறும்? பிக்சல் 0.11 கோண விநாடி. 1.29 மைக்ரானில் அலைநீளத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் கூர்மை எல்லையும் அதே 0.11 கோண விநாடி. அதாவது விண்மீனின் மையம் ஏறத்தாழ ஒரே பிக்சலில் அடங்கிவிடும், மாதிரியெடுப்பு போதாது. உருவின் மையம் பிக்சலுக்குள் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் படமே மாறும். வெப் தரவை அந்த அளவுக்குப் பரப்பு காக்கும் முறையில் சுருக்கிப் பார்த்தால் 21 பிக்சல் அகல ஓட்டை 6 பிக்சலாகிறது. கேட்கச் சுலபம்போலத் தோன்றும், ஆனால் வளையத்தின் அகலமும் அதே விகிதத்தில் குறைகிறது. மையத்தில் 0.3 பிக்சல் தவறினாலே மிச்சப் படத்தில் வெளிச்சமும் இருட்டும் பிரிந்துவிடுகின்றன. எனவே நுண்மாதிரியை 8 மடங்காக்குவதும், துணைக்கண்ணாடியைத் தாங்கும் ஆறு கால்கள் போடும் முட்களையும் பொருத்தத்தில் சேர்ப்பதும் தேவைப்படும். 18 சென்சாருக்கும் தனித்தனி உருவு வேண்டும்.

கோப்பு வகையும் மாறுகிறது. வானியலில் வழக்கமான ஃபிட்ஸ் இல்லை, ஏஎஸ்டிஎஃப். மேலே எழுத்தாகவே படிக்கத்தக்க யாமல் மரம், கீழே எண் தொகுதிகள். ஒவ்வொரு பிக்சலின் நிலையைச் சொல்லும் தரக்கொடிகள் வெப்பைப் போலவே: 1 என்றால் பயன்படுத்தாதே, 2 என்றால் நிரம்பியது. இதனால் இரண்டாம் நிலைக் கோப்பிலேயே, மொசைக் ஆக்குவதற்கு முன்பே அடைக்கலாம். ஆனால் ஒரு சென்சாரின் ஒரு தளம் மட்டும் 32 பிட்டில் 67 மெகாபைட், 18 சேர்ந்தால் 1.2 ஜிகாபைட், மூன்று ஃபில்டருக்கு 3.6. ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றாமல் 2048 பிக்சல் ஓடுகளாகப் பிரித்து, ஓடுகளுக்கிடையே 128 பிக்சல் மேற்படிவு விட்டால் எந்த விண்மீனும் வெட்டுப்படாது. ஸ்ட்ரெட்ச் எண்களை மட்டும் எல்லா ஓடுகளுக்கும் பொதுவாக வைக்க வேண்டும், இல்லையேல் படம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அடுத்து எடுக்கப்போவது காஸ்மாஸ்-வெப். 0.54 சதுர பாகைக்கு வெப் 255 மணி நேரம் செலவிட்ட புலம். பரப்பில் ரோமனுக்கு இரண்டு பார்வை. ஓடு பிரிக்கும் நிரலைச் சோதிக்க இதைவிடப் பெரிய நிர்காம் தரவு இல்லை. அதோடு இன்னொரு திட்டமும் ஓடுகிறது. ரோமனில் ஒரே ஒரு நிறமாலைக் கோட்டை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர்களே இல்லை. ஆனால் எஃப்184 1.68 முதல் 2.00 மைக்ரான் வரை போகிறது, 1.875-இல் உள்ள, பாஷன் ஆல்ஃபா எனப்படும் ஹைட்ரஜன் கோடு அதற்குள் விழுகிறது. எஃப்158-ஐ அளவிட்டுக் கழித்தால் ஹைட்ரஜன் ஒளியின் தோராயப் படம் கிடைக்க வேண்டும். நெபுலா வண்ணத்துக்கு இது கைகொடுக்குமா என்பதை எஃப்200டபிள்யூ, எஃப்187என் இரண்டையும் வைத்து இப்போதே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்னால் அந்த விளிம்பு விண்மீன்களுக்குப் பின்னணியின் வளைவையும் சேர்த்து மொத்த மாறிகளை ஆறிலிருந்து ஒன்பதாக்கி ஓட்ட வேண்டும்.