மூன்று கையேடுகளும் ஒரு நோட்டும்

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு என்று உறுதியானபோது, சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி அளவு 8.4 சதவீதமாக இருந்தது. மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்து, மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேள்விகள் எழத் தொடங்கியதோ வீடு திரும்பிய பிறகுதான். ஆகவே, நீரிழிவோடு வாழ்பவர்களுக்கென்று எழுதப்பட்ட நடைமுறைக் கையேடுகளைத் தேடி வாங்கினேன். ஒரே மாதத்தில் மூன்று சேர்ந்துவிட்டன.

மூன்றையும் நாவல் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்ததுதான் நான் செய்த முதல் தவறு. கணையம் எப்படி வேலை செய்கிறது என்பதை நன்றாகவே தெரிந்துகொண்டேன்; ஆனால், காலையில் குளுக்கோமீட்டர் 148 காட்டினால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. கண், சிறுநீரகம், பாதம் என்று பாதிப்புகளை அடுக்கிச் சொல்லும் அத்தியாயங்களை இரவில் படித்ததில் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இரண்டாவது குழப்பம் எண்களால் வந்தது. ஒரு கையேடு, வெறும் வயிற்றில் சர்க்கரை 4 முதல் 7 வரை இருக்கலாம் என்றது. என் மீட்டரோ மூன்று இலக்கத்துக்குக் குறைந்து எதையும் காட்டியதில்லை. அந்த 7 என்பதை எச்பிஏ1சி இலக்கான 7 சதவீதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு இரண்டு நாள் தவித்தேன். அந்த நூல் மில்லிமோல் கணக்கில் எழுதப்பட்டது, அதை 18 ஆல் பெருக்கினால் என் மீட்டர் காட்டும் மில்லிகிராம் கணக்கு கிடைத்துவிடும் என்பது பின்னிணைப்பில் பொடி எழுத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி அது. அதை நானே பென்சிலால் உள்ளட்டையில் எழுதி வைத்தேன்.

விடியற்காலைச் சிக்கலில் மட்டும் இரண்டாவது கையேடு உடனே கைகொடுத்தது. இரவு உணவைப் பாதியாகக் குறைத்தும் காலை அளவு ஏறியே இருந்ததால், என்னை அறியாமல் ஏதோ தவறு செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். விடிவதற்கு முன் சுரக்கும் ஹார்மோன்களின் தூண்டுதலால் கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதும் இதற்குக் காரணமாகலாம் என்று அரைப் பக்கத்தில் அது விளக்கியிருந்தது. அந்த அரைப் பக்கம் எனக்குத் தந்த நிம்மதியை மற்ற அத்தியாயங்கள் மொத்தமாகச் சேர்ந்தும் தரவில்லை.

அதே நூல் சொன்ன இணைச் சோதனையைத் தொடங்கிய பிறகுதான் படித்தது வேலைக்கு உதவியது. உண்பதற்குச் சற்று முன் ஒரு முறையும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்த்து, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்பதோடு ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு நாள் மாலை 241 என்று காட்டியதும் பதறிவிட்டேன். சற்றுமுன் பழம் உரித்த கை அது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலின் பக்கவாட்டில் குத்திப் பார்த்தபோது 139 என்று வந்தது. மீட்டர்கள் ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதம் வரை விலகுவதைச் சர்வதேசத் தரநிலையே ஏற்கிறது என்று அறிந்தபின், 139க்கும் 147க்கும் நடுவே பொருள் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 7.6க்கு இறங்கியது. இந்தச் சோதனை ஏறக்குறைய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், மருத்துவர் ஏன் அத்தனை இடைவெளி விட்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கூடவே, இன்சுலின் சுரப்பைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் சேர்ந்தது.

அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் மதிய உணவைத் தள்ளிப்போட்ட ஒரு நாளில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. மீட்டரில் 62; சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது. அலமாரியிலிருந்து முதலில் கையில் கிடைத்த கையேட்டைப் பிரித்தால், தாழ்சர்க்கரைக்கான காரணங்கள் நாலு பக்கத்துக்கு நீண்டன. செய்ய வேண்டியதைக் காணோம். கண் வரிகளில் நிற்கவில்லை. மூன்றாவது கையேட்டின் பின்னட்டையில் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள்: 70க்குக் கீழே போனால் விரைவில் சேரும் சர்க்கரை 15 கிராம், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லையென்றால் மீண்டும் அதே அளவு. கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும் என்பதால் சாக்லேட் இதற்கு உதவாது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. நான் நீட்டிய கை சாக்லேட்டை நோக்கித்தான் போயிருந்தது. குளுக்கோஸ் மாத்திரைகளை விழுங்கிக் காத்திருந்தேன். அடுத்த அளவு 84.

அன்றிலிருந்து ஒரு கையேட்டை வாங்குமுன் தாழ்சர்க்கரைப் பகுதியையே முதலில் புரட்டுகிறேன். நடுங்கும் கையோடு அரை நிமிடத்தில் வழி கண்டுபிடிக்க முடியாத நூல், மற்ற விதத்தில் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், எனக்கு வேண்டாம். பதிப்பாண்டையும் பார்க்கிறேன், ஏனெனில் என்னிடமிருந்த முதல் நூலில், தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் அளவைக் காட்டும் தொடர் சர்க்கரை உணரிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மருத்துவரிடம் இப்போது நோட்டோடுதான் போகிறேன். போன முறை அவர் அதை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, மாலை நேர அளவுகளைப் பேனாவால் சுழித்து, கிளிமிபிரைடின் அளவைக் குறைத்தார். மூன்று கையேடுகளில் இரண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். பின்னட்டையில் கட்டம் உள்ளது மட்டும் மீட்டர் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.