சிறிய அணி, சின்னப் புத்தி: ஸ்காட்லாந்தில் ஏழு நாட்கள்

எடின்பரோவின் லீத் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டின் பின்முற்றத்தில், சமையலறைச் சன்னலுக்கு நேர் கீழே, ஒரு மண்தொட்டி நிறையப் புல் மட்டுமே வளர்ந்திருந்தது. பூச்செடி வைக்காமல் யாராவது தொட்டியில் புல்லை வளர்ப்பார்களா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, வீட்டுக்காரப் பெரியவர் தையல் கத்தரிக்கோலுடன் வந்து குனிந்து அதன் நுனிகளைச் சீராக நறுக்கத் தொடங்கினார். "இது ஹாம்ப்டன் மைதானத்துப் புல்" என்றார். 2016 மே 21 அன்று உள்ளங்கை அகலத்துக்கு அதைப் பெயர்த்தெடுத்து, சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து நட்டாராம்.

அவர் ஹைபர்னியன் என்ற கால்பந்து அணியின் ரசிகர். ஊரில் அந்த அணியை ஹிப்ஸ் என்றே சொல்கிறார்கள். 1902இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற ஹிப்ஸ், அதை அடுத்த முறை வெல்வதற்கு 114 ஆண்டுகள் ஆயின. இடையில் 10 முறை இறுதிப்போட்டி வரை வந்து தோற்றது. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் தவறவிடும் எவரைப் பற்றியும் "ஹிப்ஸ்டு இட்" என்று சொல்லும் வழக்கம் அந்நாட்டுக் கால்பந்துப் பேச்சில் உருவாகும் அளவுக்கு அந்தத் தோல்விகள் ஊரறிந்தவையாக இருந்தன. அந்த மே மாத மாலையில், ஹாம்ப்டனில் நடந்த இறுதிப்போட்டியில், ரேஞ்சர்ஸுக்கு எதிராக 2-1 என்று பின்தங்கியிருந்த ஹிப்ஸ், 80ஆவது நிமிடத்தில் சமன் செய்து, 90 நிமிடங்களுக்குப் பின் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் அணித்தலைவர் டேவிட் கிரே தலையால் முட்டிய பந்தில் 3-2 என வென்றது. ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பலர் புல்லைப் பெயர்த்தார்கள். மறுநாள் கோப்பை ஊர்வலம் லீத் லிங்க்ஸ் புல்வெளியில் வந்து முடிந்தபோது, தன் தந்தையின் பழைய கழுத்துத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றதாகப் பெரியவர் சொன்னார்.

நகரின் மறுபாதிக்கு இவையெல்லாம் கேலிப்பொருள். எடின்பரோவின் மற்றோர் அணியான ஹார்ட்ஸின் ரசிகரான ஒரு டாக்சி ஓட்டுநர், நான் லீத்தில் தங்கியிருப்பதை அறிந்ததும், "அந்த வீ டீம் ஒரு கோப்பைக்கு ஊரையே அடைத்தது" என்றார். 'வீ' என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் சின்னது என்று பொருள். எடின்பரோவில் இரு தரப்பினரும் எதிரணியை 'வீ டீம்' என்றே அழைக்கிறார்கள். கிளாஸ்கோவின் இரு பெரிய அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆகியவற்றின் ரசிகர்கள் மற்ற எல்லோரையும் 'டிடி டீம்', அதாவது அற்ப அணி, என்கிறார்கள். மிகையாகக் கொண்டாடுவது, ஒரு வெற்றிக்குச் சட்டை அச்சடிப்பது, பெரிய அணியிடம் சமன் செய்ததற்கே துள்ளிக் குதிப்பது என எல்லாவற்றுக்கும் 'ஸ்மால் டைம்' என்ற ஒரே முத்திரைதான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பழமொழியைத்தான் அந்த ஓட்டுநர் தன் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் அதே ஓட்டுநர், பேச்சு வளர்ந்தபோது, 2012 கோப்பை இறுதிப்போட்டியில் ஹார்ட்ஸ் 5-1 என ஹிப்ஸை வீழ்த்திய ஆட்டத்தின் ஒவ்வொரு கோலையும் வரிசையாக விவரித்தார். லீத் பெரியவருக்கு 1973 புத்தாண்டு நாளில் ஹார்ட்ஸின் சொந்த மைதானமான டைன்காஸிலில் ஹிப்ஸ் 7-0 என வென்ற ஆட்டம் மனப்பாடம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பிற்பகலை இன்றும் சொல்லி மகிழ்வது அற்பத்தனம் என்றால், அந்நகரில் அற்பத்தனம் இல்லாத வீடு ஒன்றுகூட இருக்க முடியாது. அதை அற்பத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில், நான்கு அடுக்கு லீக்கில் 42 அணிகள் ஆடுகின்றன. மக்கள்தொகை விகிதப்படி ஐரோப்பாவிலேயே அதிகம் பேர் மைதானத்துக்குச் செல்லும் நாடுகளின் வரிசையில் ஸ்காட்லாந்து முன்னணியில் நிற்கிறது. ஆனால் 1985இல் அபர்டீன் பட்டம் வென்ற பிறகு, நான் சென்ற 2024 வரை, செல்டிக்கையும் ரேஞ்சர்ஸையும் தவிர வேறெந்த அணியும் முதல்நிலை லீக் பட்டத்தைத் தொடவில்லை. 39 ஆண்டுகள். அப்போது பிறந்த குழந்தைக்கு இப்போது நடுவயது நெருங்குகிறது. பட்டத்தின் கதவு இப்படிச் சாத்தியிருக்கும் ஊரில், வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் கோப்பைக்காக ஒருவர் புல்லைப் பெயர்த்து வந்து எட்டு ஆண்டுகள் நீரூற்றுகிறார் என்றால், அவரைப் பார்த்து என்னால் சிரிக்க இயலாது. அவர் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவது?

கேலிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஹேமார்க்கெட் நிலையத்துக்கு எதிரில் பார்த்தேன். அங்கே கடிகாரத்துடன் கூடிய கல்தூண் ஒன்று நிற்கிறது. 1914இல் லீக்கில் முன்னிலையில் இருந்த ஹார்ட்ஸ் அணியின் வீரர்கள் கூட்டாகப் படையில் சேர்ந்ததையும், முதல் உலகப் போரில் மாண்டவர்களையும் நினைவுகூரும் தூண் அது. அந்தப் படைப்பிரிவில் ஹிப்ஸைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர், அந்த இடத்தைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுவதாகச் சொன்னார். ஹார்ட்ஸின் பெயரை அவர் மரியாதையாக உச்சரித்ததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவுக்குப் போனேன். அன்று நண்பகலில் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் மோதின. நகரின் மையத்தில் பல பப்களின் வாசலில், அணி நிறம் அணிந்து உள்ளே வரக் கூடாது என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. நான் கிழக்குப் பக்கத்தில், செல்டிக் ரசிகர்கள் கூடும் ஒரு பப்பில் இடம்பிடித்தேன். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; செல்டிக்கின் டைசன் மயேடா கோல் அடித்துவிட்டார். பப் அதிர்ந்தது. தோள்கள் என்மீது மோதின, யாரோ ஒருவரின் பீர் என் கையில் கொட்டியது. ஆனால் அந்த இரைச்சல் சற்றுத் தணிந்ததும் தொலைக்காட்சியிலிருந்து வந்த ஒலியைக் கவனித்தேன். ஐம்பதாயிரம் பேர் அமர்ந்திருக்கும் மைதானத்தில் கோல் விழுந்திருக்கிறது, ஆனால் வீரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பது தவிர வேறு சத்தமே இல்லை. செல்டிக் ரசிகர்களுக்கு அன்று ஓர் இருக்கைகூட ஒதுக்கப்படவில்லை.

இந்த நிலை வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். 2018 வரை ஐப்ராக்ஸில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி முழுவதும், 7,000க்கும் மேற்பட்ட இருக்கைகள், செல்டிக் ரசிகர்களுக்குக் கொடுக்கப்பட்டு வந்தன. அந்த ஆண்டு கோடையில், தம் சொந்த ரசிகர்களின் பருவச்சீட்டுத் தேவையைக் காரணமாகச் சொல்லி, ரேஞ்சர்ஸ் நிர்வாகம் அதை 800 அளவுக்குக் குறைத்தது. செல்டிக்கும் பதிலுக்குத் தன் மைதானத்தில் அதையே செய்தது. பிறகு பாதுகாப்பு பற்றிய பூசல் எழுந்து, 2023-24 பருவத்தில் இரு மைதானங்களிலும் எதிரணி ரசிகர் ஒருவருக்குக்கூட இடமில்லை என்றாயிற்று. எதிராளி தம் வீட்டில் நின்று பாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் கதவை மூடினார்கள் என்று மற்ற ஊர்களின் ரசிகர்கள் பல ஆண்டுகள் இரு அணிகளையும் கிண்டல் செய்தார்கள். இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். லீத் பெரியவரின் தொட்டியைச் சின்னப் புத்தி என்று சொல்கிறவர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பட்டங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட இரு நிர்வாகங்கள் இருக்கைக்கு இருக்கை பழிவாங்கியதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ரேஞ்சர்ஸ் ரசிகர்களைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2012இல் அந்தக் கிளப்பின் நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டபோது, அணி நான்காம் அடுக்கிலிருந்து ஆட வேண்டியதாயிற்று. செல்டிக் ரசிகர்கள் அதைப் பாட்டாகவே கட்டிப் பாடினார்கள். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று, ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற சிற்றூர் அளவிலான அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண ஐப்ராக்ஸுக்கு 49,118 பேர் வந்தார்கள். விழுந்த அணியின் பின்னால் இத்தனை பேர் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அந்தக் கூட்டத்தின் பெருந்தன்மை ஒதுக்கீட்டுக் கணக்கு போட்டவர்களிடம் இருந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை மௌனம் நேர்ந்திருக்காது. ஆட்டம் 3-3 என முடிந்தது. கடைசி நிமிடங்களில் ரேஞ்சர்ஸின் ரபி மடோன்டோ அடித்த சமன்கோலுக்கு ஐப்ராக்ஸ் கொந்தளித்தது. அப்போது பப்பில் மௌனம்.

அடுத்த சில நாட்கள் மலைப்பக்கம் சுற்றிவிட்டு, ஏப்ரல் 11 அன்று பெர்த் வழியாக ரயிலில் டண்டீ போய்ச் சேர்ந்தேன். டே முகத்துவாரத்தின் சாம்பல் நிற நீர் கடைசிக் கால் மணி நேரமும் சன்னலோடு கூடவே வந்தது. நிலையத்திலிருந்து ஹில்டவுன் என்ற செங்குத்தான தெருவில் ஏறி, மூச்சு வாங்க நின்ற இடத்திலிருந்து வலப்பக்கம் திரும்பிச் சிறிது தூரம் நடந்தால் டன்னடைஸ் தெரு வருகிறது. ஒரே தெருவில் இரண்டு மைதானங்கள். ஒன்று டண்டீயின் டென்ஸ் பார்க், மற்றொன்று டண்டீ யுனைடெடின் டன்னடைஸ் பார்க். பிரிட்டனில் இவ்வளவு நெருக்கமாக வேறு இரண்டு லீக் மைதானங்கள் இல்லை. நான் ஒன்றின் வாசலிலிருந்து மற்றொன்றின் வாசலுக்கு நடந்து பார்த்தேன். இரண்டு நிமிடங்கள் ஆயின.

அந்த வாரம் டண்டீதான் நாடெங்கும் கேலிக்கு ஆளாகியிருந்தது. டென்ஸ் பார்க்கில் தண்ணீர் தேங்கி, மார்ச் 17 அன்று ரேஞ்சர்ஸுக்கு எதிராக நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது. மாற்று நாளான ஏப்ரல் 10 அன்றும் அதே காரணத்தால் ஆட்டம் நடக்கவில்லை. வடிகாலைச் சீர்படுத்தாத கிளப்பை ரசிகர்கள் கண்டிப்பது சரியானதே என்பேன், ஏனென்றால் அதில் ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பணமும் நாளும் போகின்றன.

தெருவில் நாயுடன் நடந்து வந்த, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், நான் இரு வாசல்களையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு நின்றார். அவர் டண்டீ ரசிகை. மறைந்த கணவர் யுனைடெட் ரசிகர். டெர்பி நாட்களில், அதாவது ஊரின் இரு அணிகளும் மோதும் நாட்களில், இருவரும் வீட்டிலிருந்து சேர்ந்தே நடந்து வந்து, இந்தத் தெருமுனையில் பிரிந்து, ஆட்டம் முடிந்ததும் இதே முனையில் சந்தித்து வீடு திரும்புவார்களாம். 1983 மே 14 அன்று யுனைடெட் தன் ஒரே லீக் பட்டத்தை வென்றது டென்ஸ் பார்க்கில், டண்டீயை 2-1 என வீழ்த்தி. "என் வீட்டிலேயே வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்" என்று அவர் அந்தப் பச்சைக் கதவைச் சுட்டிக்காட்டினார்.

பிறகு பார்சிலோனா பேச்சு வந்தது. அந்தக் கிளப்புடன் யுனைடெட் மோதிய நான்கு போட்டி ஆட்டங்களிலும் யுனைடெட்தான் வென்றிருக்கிறது. அதை இன்றுவரை பெருமையாகச் சொல்வதற்காக மற்ற ரசிகர்கள் யுனைடெடைச் சீண்டுவதுண்டு. அம்மையார் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "1966இல் அங்கே 2-1, இங்கே 2-0, 1987இல் இங்கே 1-0, அங்கே 2-1" என்று மூச்சு விடாமல் சொன்னார். எதிரணியின் பெருமையை இவர் இப்படி மனப்பாடமாக வைத்திருக்கிறாரே என்று வியந்தேன். "நாற்பது ஆண்டுகள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன், மறக்க முடியுமா?" என்றார்.

அவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. 2016 மே 2 அன்று டென்ஸ் பார்க்கில், கடைசியில் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் விழுந்த கோலால் டண்டீ 2-1 என வென்று, யுனைடெடை இரண்டாம் அடுக்குக்குத் தள்ளியது. டண்டீ ரசிகர்கள் அதை 'டூன் டெர்பி' என்று, அதாவது கீழே தள்ளிய டெர்பி என்று, பெயரிட்டு அழைக்கிறார்கள். அன்று மாலை வீட்டு முன்வாசலில் கருநீலக் கழுத்துத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டாராம். கணவர் ஒரு வார்த்தை பேசாமல் அதன் அடியில் குனிந்து உள்ளே போனார் என்றும், மறுநாள் காலையில் தேநீர் கொடுத்தபோது "அடுத்த ஆண்டு" என்று மட்டும் சொன்னார் என்றும் அம்மையார் சொன்னபோது குரல் மெல்லக் கம்மியது.

நான் போயிருந்த பருவத்தில் டண்டீ முதல் அடுக்கிலும் யுனைடெட் இரண்டாம் அடுக்கிலும் இருந்தன; அதனால் லீக்கில் டெர்பி இல்லை. யுனைடெட் மேலே வந்தால் டன்னடைஸ் பார்க்கில் எதிரணிக்கு ஒதுக்கும் பகுதியில் போய் உட்காரப் போவதாகவும், கணவர் போன பிறகு அங்கே கால் வைத்ததில்லை என்றும் அவர் சொன்னார். அந்த அணி கீழே விழுந்ததைக் கொண்டாடியவர்தான். ஆனாலும் அது மேலே வரவேண்டும் என்று அவர் விரும்பியதில் துளியும் பொய்யில்லை.

யுனைடெட் அந்தப் பருவத்தின் முடிவில் மேலே வந்தது. 2024 ஆகஸ்ட் 4 அன்று டன்னடைஸ் பார்க்கில் நடந்த டெர்பியை நான் வீட்டிலிருந்து பார்த்தேன். 2-2 என முடிந்தது. ஐப்ராக்ஸுக்குச் செல்டிக் ரசிகர்கள் 2025 ஜனவரியில்தான் திரும்பினார்கள், அதுவும் பழைய எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக. டண்டீயில் அந்த ஆகஸ்ட் பிற்பகலில் கேமரா எதிரணிப் பகுதியின் பக்கம் திரும்பியபோதெல்லாம் கருநீலத் துண்டுகளுக்கு நடுவே அந்த அம்மையாரின் முகத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. டண்டீ கோல் அடித்ததும் அந்த மூலையிலிருந்து எழுந்த கூச்சல் மட்டும் வர்ணனையாளரின் குரலையே மூழ்கடித்தது.