வெள்ளத்துக்குப் பிறகு வில்லியனூர் மாதாவிடம்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் புதுச்சேரியில் வில்லியனூர் மாதா கோவிலுக்கு நடக்கிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். மிஷன் வீதி சம்பா கோவிலில் தொடங்கி நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம் வழியாகப் போனால் பத்து கிலோமீட்டர் போல வரும். வேளாங்கண்ணிக்கு நாள்கணக்கில் நடக்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மளிகைக்கடைக்காரனுக்கு இதுவே பெரிது; பால் வண்டி வருவதற்குள் கடையைத் திறக்க ஆள் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். 2025 தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு வெகு முன்பே நானும் மனைவியும் மச்சானும் கிளம்பினோம்.

சம்பா கோவில் பூட்டியிருந்தது. வாசலிலேயே சிலுவை வரைந்துகொண்டோம். இங்கே கட்டிய கோவில்கள் நிலைத்ததில்லை. 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது ஒன்று போயிற்று. 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியையே இடித்துத் தள்ளியபோது இன்னொன்று போயிற்று. இப்போது நிற்பது 1791இல் முடிந்தது. இடையில் முப்பது வருடம்! அந்த முப்பது வருடத்தில் பிறந்து, வளர்ந்து, முழுக் கோவிலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

எங்களுக்குப் போனது ஒரு கடை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கடந்ததோடு போகாமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. எங்கள் தெரு தாழ்வானது. காலையில் இடுப்பளவு தண்ணீரில் போய் ஷட்டரைத் தூக்கினால் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதக்கிறது. அரிசி மூட்டைகள் ஊறி வாய் பிளந்திருந்தன. கல் உப்பு வைத்த இடத்தில் வெறும் சாக்கு மட்டும் கிடந்தது. உப்பு முழுக்கக் கரைந்து தண்ணீரோடு போய்விட்டது. ஏனோ அந்தச் சாக்கைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

அப்புறம் ஆறுதல் சொல்ல வந்தார்கள். “ஆண்டவர் யாரை நேசிக்கிறாரோ அவங்களைத்தான் சோதிப்பார்” என்றார் ஒருவர். “போனது ரெட்டிப்பா வரும், யோபுவைப் பாருங்க” என்றார் இன்னொருவர். பார்க்கத்தான் பார்த்தேன். சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த, பைபிளில் வரும் யோபுவுக்கு ஆடும் மாடும் ஒட்டகமும் இரட்டிப்பாகக் கிடைத்தன. பிள்ளைகளும் மறுபடி பிறந்தார்கள், முன்பு போலவே ஏழு மகன், மூன்று மகள். ஆனால் செத்த பத்துப் பேர் திரும்பி வரவில்லை. இதை யாரும் சாட்சியக் கூட்டத்தில் சொல்வதில்லை. இழந்ததெல்லாம் வட்டியோடு திரும்பும் என்பது விசுவாசம் இல்லை, சீட்டுக் கம்பெனிக்காரர்கள் பேசுகிற பேச்சு.

நெல்லித்தோப்பைத் தாண்டும்போது செபமாலையைத் தொடங்கினோம். செபமாலை சொல்லும்போது இயேசு, மாதா வாழ்க்கையில் நடந்தவற்றைத் தியானிப்போம், அவற்றுக்கு மறையுண்மைகள் என்று பேர். சனிக்கிழமைக்கு உரியவை மகிழ்ச்சி மறையுண்மைகள். “தவக்காலத்துல போய் மகிழ்ச்சியா மாமா?” என்று மச்சான் கேட்டான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே புரிந்தது. மகிழ்ச்சி என்று பேரே தவிர, உள்ளே என்ன இருக்கிறது? பிள்ளை பெற இடமில்லாமல் மாட்டுத் தொழுவம். கைக்குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுபோனால் ‘உன் உள்ளத்தை வாள் ஊடுருவும்’ என்கிறார் பெரியவர் சிமியோன். கடைசியில், பன்னிரண்டு வயதுப் பையனைக் காணாமல் மூன்று நாள் தேடி அலைந்த தாய் தகப்பன். எல்லாம் நல்லபடியாக இருந்த நாளில் வந்ததில்லை அந்த மகிழ்ச்சி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு, செருப்புப் போட்டுத்தான் நடந்தாள். வெறுங்காலில் நடந்து கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு மாதா யாரையும் கூப்பிடவில்லை. தேடிப்போய்க் கஷ்டப்படுவது வேறு, வந்த கஷ்டத்தைச் சுமப்பது வேறு.

நன்றாக விடிந்த பிறகுதான் கோவில் வாசலை மிதித்தோம். லூர்து மாதா சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலேறி வில்லியனூர் வந்தது 1877இல். மாதாவை லூர்து குகையில் நேரில் பார்த்த பெர்னதெத் அப்போது உயிரோடு இருந்தார். நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் ஆஸ்துமாவோடும் முழங்கால் எலும்பைத் தின்ற காசநோயோடும் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தார். 1879 ஏப்ரலில் இறந்தபோது வயது 35. அவர் கையால் தோண்டிய ஊற்றில் எத்தனையோ பேர் குணமானார்கள், அவர் குணமாகவில்லை. ‘இவ்வுலகில் உன்னை மகிழ்ச்சியாக வைப்பதாக வாக்களிக்க மாட்டேன், மறுவுலகில்தான்’ என்று மாதா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒளிவுமறைவு இல்லாத வாக்கு.

பெர்னதெத் குடும்பமும் நொடித்துப்போன குடும்பம்தான். அப்பாவின் மாவு மில் கைவிட்டுப் போய், பழைய சிறைக் கொட்டடி ஒன்றில் ஒரே அறையில் ஒண்டியிருந்தார்கள். 1858 பிப்ரவரி 25 அன்று, ‘ஊற்றில் போய்க் குடி’ என்று மாதா சொன்ன இடத்தில் ஊற்றே இல்லை. மண்ணைக் கையால் பறித்தாள், சேறு வந்தது. மூன்று முறை வாயில் வைக்க முடியாமல் போட்டுவிட்டு, நாலாவது முறை குடித்தாள். முகமெல்லாம் சேறு. பார்த்த சனம் பைத்தியம் என்றது. அப்புறம்தான் தண்ணீர் தெளிந்தது.

கோவிலுக்கு எதிரே இருக்கும் குளத்தின் படியில் உட்கார்ந்து இதை மச்சானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கடன் நோட்டு நினைவுக்கு வந்தது. வெள்ளத்தில் அதுவும் ஊறி, மை பரவி, பக்கத்துக்குப் பக்கம் நீலக் கறையாகியிருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அத்தாட்சியே இல்லை. தண்ணீர் வடிந்த வாரமே ஓர் அக்கா வந்தார், அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. “அண்ணா, நான் எழுநூத்தி நாப்பது தரணும், இப்ப இருநூறு வெச்சுக்குங்க” என்றார். அப்படியே இன்னும் சிலர் வந்தார்கள். வராதவர்களும் உண்டு, அவர்களையும் தெரியும். ஆனால் இருபது வருடமாக நான் பேர் எழுதிக் கோடு போட்டுவைத்த மனிதர்களை, நோட்டு இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். கடை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை, வங்கித் தவணை ஓடுகிறது. செபத்தில் மட்டும் ஒரு மாற்றம்: ‘எங்கள் கடை’ என்று தொடங்குகிற வாய், இப்போது தெருவில் உள்ளவர்கள் பேரை முதலில் சொல்கிறது.

பூசை முடிந்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிலை நிலையாக நின்று செபிக்கிற சிலுவைப் பாதை செய்தோம். பதினாலு நிலையில் மூன்று நிலை இயேசு கீழே விழுவதற்கே போய்விடுகிறது, மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது. ஒவ்வொரு முறையும் எழுந்தார். எழுந்து போனது கல்வாரிக்குத்தான், வீட்டுக்கு அல்ல. ஒன்பதாவது நிலையில் மனைவி வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

திரும்புகாலில் பஸ். உட்கார இடம் கிடைத்ததும் அவளே பேச்செடுத்தாள்.

“என்னங்க, புது நோட்டு வாங்கணுமே. இனிமே கடன் எழுதுவீங்களா, மாட்டீங்களா?”

“எழுதாம? வராதவங்க பேர் முதல் பக்கத்துல.”

“அக்கா, மாமா பூசை பார்த்துட்டுதான் வர்றாரா?” என்றான் மச்சான், கண்டக்டரிடம் மூன்று டிக்கெட்டுக்குக் காசை நீட்டிக்கொண்டே.