சேர் வரைந்த வளைகோடு

எங்கள் காலத்துப் பள்ளித் திரைப்பட வட்டத்தை நடத்திய சேரைப் பற்றி மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். அவருடைய கண்டிப்பைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். அடி வாங்கியவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். நான் எழுத வந்தது அவர் கரும்பலகையில் போட்ட ஒரு வளைகோட்டைப் பற்றி. அதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

ஒரு திரைப்பட வகை பிறக்கும், வளரும், உச்சிக்குப் போகும், தன்னையே சந்தேகிக்கும், கடைசியில் கேலிப் பொருளாகிச் சாகும் என்பது கோட்டின் சாரம். உதாரணத்துக்குக் கௌபாய் படங்களை எடுத்துக்கொண்டார். 1903இல் வந்த ரயில் கொள்ளைப் படம் பிறப்பு. 1939இல் ஜோன் ஃபோர்ட் எடுத்த ‘ஸ்டேஜ்கோச்’ வாலிபம். 1974இன் ‘பிளேசிங் சாடில்ஸ்’ நையாண்டி, அதாவது மரணம்.

கோடு எப்படியோ போகட்டும், பாடம் நடத்திய விதம் அபாரம். கடன் வாங்கிய 16 மி.மீ. பிரதியில் ஒரு மாலை ‘ஹை நூன்’ ஓடியது. 1952ஆம் ஆண்டுப் படம். பழிவாங்க வரும் கொலைகாரன் நண்பகல் ரயிலில் இறங்கப் போகிறான். கல்யாண உடையைக்கூடக் களையாத காவல் அதிகாரி ஊராரிடம் உதவி கேட்டுத் தேவாலயத்துக்குள் நுழைகிறார். அந்த இடத்தில் சேர் விளக்கை அணைத்து ரீலை நிறுத்தினார்.

“இப்போது என்ன நடக்கும்?”

“எல்லோரும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வருவார்கள், சேர்!” மண்டபமே கத்தியது.

படம் மீண்டும் ஓடியது. ஊரார் கூடிப் பேசினார்கள், நியாயங்களை அடுக்கினார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. முடிவில் கொலைகாரர்கள் செத்தபின் அந்த அதிகாரி தன் சின்னத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறார். “இதெல்லாம் ஒரு கௌபாய் படமா?” என்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். சேருக்கு அது கேட்டுவிட்டது. “நீ பிழையாகப் பதில் சொல்லவில்லை. நீ பார்த்த நூறு படங்கள் உனக்குச் சொல்லித் தந்த பதில் அது. இந்தப் படம் அந்த நூறையும் நம்பித்தான் உன்னை ஏமாற்றுகிறது” என்றார்.

சினிமாவைப் பற்றி இதைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அவர் சொன்னது சரியென்றால் அவர் போட்ட கோடு பிழை. வழக்கம் பார்வையாளனுக்குப் பழகிவிட்டாலே ஒரு படம் அவனை ஏமாற்றலாம், கேலியும் செய்யலாம்; அதற்கு வகை கிழடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

1925இலேயே ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ‘கோ வெஸ்ட்’ என்ற கௌபாய் நையாண்டியை எடுத்துவிட்டார். சீட்டாட்ட மேசையில் எதிராளி துப்பாக்கியை நீட்டி, சிரித்துக்கொண்டே பேசு என்று மிரட்டுகிறான். சிரிக்கவே தெரியாத கீட்டன் இரண்டு விரல்களால் உதட்டோரங்களைத் தூக்கிவிடுகிறார். அது அந்தக் காலக் கௌபாய் கதைகளின் வீராப்பு வசனத்துக்கு அடித்த நக்கல். ‘ஸ்டேஜ்கோச்’ வர இன்னும் 14 ஆண்டுகள் இருக்கும்போதே பார்வையாளர்களுக்கு எதைக் கண்டு சிரிப்பது என்று தெரிந்திருந்தது. கோட்டின்படி பார்த்தால் இந்த வகை தொட்டிலிலேயே கிழடு தட்டியிருக்க வேண்டும். சந்தேகித்தபின் நம்பிக்கை திரும்பாது என்பதும் உண்மையல்ல. ‘ஹை நூன்’ படத்தில் உதவி கேட்டு ஓடும் காவல் அதிகாரியைப் பிடிக்காத இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், 1959இல் ‘ரியோ பிராவோ’வை எடுத்து அதற்குப் பதில் சொன்னார். அவருடைய ஷெரீஃப், உதவ முன்வருபவர்களையே வேண்டாம் என்கிறார்.

மாற்றங்களுக்கு வயதைவிட வியாபாரம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஐம்பதுகளில் தொலைக்காட்சி வாராவாரம் கௌபாய் கதைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. ‘கன்ஸ்மோக்’ தொடர் 1955 முதல் 1975 வரை ஓடியது. வீட்டில் கிடைக்காத ஒன்றைத் திரையரங்கு காட்டியாக வேண்டியிருந்தது. 1968இல் ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதிகள் போயின. மறு ஆண்டே ‘வைல்ட் பன்ச்’ என்ற கௌபாய் படம் திரையை ரத்தத்தில் நனைத்தது. இடையில் 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் சாமுராய் படமான ‘யோஜிம்போ’வின் கதையை அனுமதியின்றி எடுத்து, ஸ்பெயின் மண்ணில் இத்தாலியக் கௌபாய் படமாக்கினார். வழக்கு வந்தது, பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். இதையெல்லாம் எந்த வளைகோட்டில் குறிப்பது?

சேருக்குச் சாதகமான சாட்சியையும் மறைக்கக் கூடாது. தமிழில் 1972இல் ஜெய்சங்கர் ‘கங்கா’வில் குதிரை ஏறினார், 2010இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ அந்த வகையையே கிண்டலடித்தது. முதலில் பாவனை, பிறகு நையாண்டி. கோடு இங்கே ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அமெரிக்காவில், அவர் மரணம் என்று குறித்த ஆண்டுக்குப் பல ஆண்டுகள் கழித்து, 1992இன் கௌபாய் படமான ‘அன்ஃபர்கிவன்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது.

1981இல் ‘அவுட்லேண்ட்’ வந்தது. வியாழன் கோளின் துணைக்கோள் ஒன்றில் ஒரு சுரங்கம். காவல் அதிகாரி ஷான் கானரி. கொலைகாரர்கள் விண்கலத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள், கடிகாரம் ஓடுகிறது, அவர் சுரங்கத் தொழிலாளர்களிடம் உதவி கேட்கிறார். அந்த இடத்தில் சேர் படத்தை நிறுத்திக் கேட்டிருந்தால், “ஒருவனும் வரமாட்டான், சேர்!” என்று கடைசி வாங்குதான் முதலில் கத்தியிருக்கும்.