ஆம்பளைக்கு மூணு மாசம் லீவா?

"பிள்ளை பிறந்ததுக்கு ஆம்பளைக்கு மூணு மாசம் லீவா? வேலை கீல போயிடுச்சாப்பா? மறைக்காம சொல்லு." அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை ஊரிலிருந்து அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது. கேட்டதும் சிரிப்பு வரும், கூடவே ஊர் ஞாபகமும். அங்கே தலைப்பிரசவம் தாய்வீட்டில். பத்தியச் சோறு, லேகியம், கால் நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி. தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். இங்கே அம்மாவுக்கு விசா கிடைக்கும்வரை நடுராத்திரி எழுந்திருக்கத் தகப்பனை விட்டால் ஆளில்லை.

அந்த லீவு முதலாளியின் தயவு இல்லை. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் 2018-இல் குடும்ப, மருத்துவ லீவுக்குச் சட்டம் போட்டு, 2019 அக்டோபரிலிருந்து சம்பளத்தில் பிடித்து, 2021 ஜனவரியில் பணம் கொடுக்கத் தொடங்கியது. குழந்தைக்காக அப்பா, அம்மா இருவருக்கும் தலா 12 வாரம். சொந்த உடம்புக்கு 20 வாரம் வரை. பெற்றவளுக்கு உடம்பு தேறும் வாரங்கள் முதலில், குழந்தைக்கான 12 வாரம் அதன் பிறகு. முழுச் சம்பளம் பலருக்குக் கிடைக்காது: 2025-இல் வாரத்துக்கு உச்சம் 1,170.64 டாலராக இருந்தது. முதல் ஏழு நாளுக்குக் காசு இல்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு, நம்மவர்கள் அதிகம் வேலை பார்க்கும் சின்னக் கன்சல்டன்சிகளில் காகிதத்தோடு நின்றுவிடுவதுதான் ஆறாத வருத்தம். சில இடங்களில் அந்தக் காகிதமே கிடையாது. வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் முதலாளி இந்த லீவைப் பற்றி எழுத்தில் விவரம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் முதல் முறை ஆளுக்கு 50 டாலர், அடுத்தடுத்து 300 டாலர் அபராதம். அறிவிப்பு ஆபீஸ் சுவரிலும் இருக்க வேண்டும்.

அடுத்த கோளாறு சம்பளக் கணக்கு போடும் பேரோலில். கம்பெனி நியூஜெர்சியில், ஆள் வேலை பார்ப்பது மாசசூசெட்ஸில். பழக்கதோஷத்தில் நியூஜெர்சிப் பிடித்தமே ஓடும். வேலை நடக்கும் மாநிலம்தான் கணக்கு. இங்கே 25 பேரும் அதற்கு மேலும் இருந்தால் 2025-இல் சம்பளத்தில் மொத்தம் 0.88 சதவீதம். அதில் ஊழியரிடம் 0.46 வரைதான் பிடிக்கலாம், மீதி 0.42 முதலாளி போட வேண்டும். வாரம் 2,000 டாலர் சம்பளம் என்றால் பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், இந்தப் பிடித்தம் 9.20 டாலருக்கு மேல் போகக் கூடாது. 25-க்குக் கீழே என்றால் முதலாளி பங்கு இல்லை, ஆனால் பிடித்துக் கட்டும் பொறுப்பு உண்டு. ஆள் கணக்கு மாசசூசெட்ஸ் ஆட்களை வைத்துத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்த மறுமாதக் கடைசிக்குள் வருவாய்த் துறை இணையதளத்தில் கணக்குக் காட்ட வேண்டும். பிடிக்க மறந்துவிட்டு, பிறகு சேர்த்து ஊழியர் தலையில் கட்டுவது சட்டவிரோதம். விட்டுப்போனது முதலாளி பங்காகவே கொள்ளப்படும்.

லீவு கேட்டு விண்ணப்பம் போனதும் மாநிலத்தின் குடும்ப, மருத்துவ லீவுத் துறை முதலாளியிடம் விவரம் கேட்கும். பத்து வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். பேசாமல் இருந்தால் கையில் உள்ளதை வைத்தே துறை முடிவெடுக்கும். "முதலில் உன் சொந்த லீவைத் தீர்" என்று கட்டாயப்படுத்த முடியாது. திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்குச் சமமானதோ தந்தாக வேண்டும். லீவு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆளை நீக்கினால் பழிவாங்கல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். விசா கம்பெனி கையில் என்று பயந்து வாய் திறக்காத பிள்ளைகள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் பழகிவிட்டது, பனியும் பழகிவிட்டது என்போம். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு போன் வந்தால் போதும், மனசு பெரியாஸ்பத்திரி வராந்தாவில் காபி ஃபிளாஸ்க்கோடு நிற்கும். தீவிர நோயில் உறவினரைக் கவனிக்கவும் 12 வாரம் உண்டு, ஆண்டுக்கு எல்லாம் சேர்ந்து 26 வாரத்துக்கு மிகாமல். மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மருத்துவர் நிரப்பிய சான்றுப் படிவம் வேண்டும். முடிந்தால் 30 நாள் முன்பே, முடியாவிட்டால் தெரிந்தவுடன், முதலாளிக்கு எழுத்தில் சொல்லிவிட்டு லீவுத் துறைக்கு விண்ணப்பியுங்கள்.